மூச்சுக்கு அசையாத நாடி

அவிநாசி கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கணவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் தலை தூணில் மோதியிருக்கும். கூட வந்த நாத்தனார் பித்தம் என்றார். நானும் அப்படியே நம்ப விரும்பினேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பத்தொன்பது வருஷம். பீளமேட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கி ஒரு வருஷமாகியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் முகத்தில் மட்டும் வேர்வை கொட்டும். காலையில் தின்ற இட்லி சாயங்காலம் செரிக்காமல் அப்படியே வாந்தியாக வரும். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை.

கோயிலில் நடந்ததற்குப் பிறகு கணவர் கூட்டிப்போன ஆர்.எஸ்.புரத்து டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதயத்தையும் வயிற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்துகிற நரம்புகளைச் சோதிக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காபிகூடக் குடிக்காமல் போனேன். படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். டெக்னீஷியன் பெண் கையை உயர்த்தினால் மூச்சை இழுக்க வேண்டும், இறக்கினால் விட வேண்டும். நிமிஷத்துக்கு ஆறே மூச்சு. முடிந்ததும் மெஷினிலிருந்து ஓடி வந்த தாளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். பிறகு மூன்றாவது தடவை.

"நான் தப்பாச் செய்யறனுங்களா?"

"இல்லீங்க்கா. நீங்க சரியாத்தான் செய்யறீங்க," என்றாள். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அது மளமளவென்று இறங்க, உடனே உட்காரவைத்துவிட்டார்கள்.

மூச்சை இழுத்தால் நாடி வேகமாகும், விட்டால் மெதுவாகும், அதுதான் இயல்பு என்றார் டாக்டர். என் நாடி எதற்கும் அசையவில்லை; இத்தனை வருஷச் சர்க்கரை அந்த நரம்புகளைக் கெடுத்துவிட்டதாம். சர்க்கரை தாழ்ந்தால் வருகிற நடுக்கமும் படபடப்பும் இனி எனக்கு வராமல் போகலாம். மாரடைப்பே வந்தாலும் வலி தெரியாமல் இருக்கலாம்.

"மாத்திரையில சரியாயிருமுங்களா?" என்று கணவர் கேட்டார்.

"போன நரம்பு திரும்பாதுங்க. இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கலாம்."

அந்த மாதமே அது நடந்தது. எட்டாம் வகுப்பில் போர்டில் ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே வரியை நான்கு முறை எழுதியிருக்கிறேன்; பிள்ளைகள் கூப்பிட்டதற்குத் திரும்பவே இல்லையாம். நினைவு வந்தபோது ஆசிரியர் அறை பெஞ்சில் கிடந்தேன், வாயெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். வேர்வையில்லை, நடுக்கமில்லை, முன்னறிவிப்பு எதுவுமே இல்லை.

உட்கார்ந்தே பாடம் நடத்தலாம் என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை நினைத்துக்கொண்டேன். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். கணவர் வேலை பார்க்கிற இரும்பு பவுண்டரியிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறார். ஒரு நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நெஞ்சுல ஏதாச்சும் வலிச்சா உடனே கூப்புடு கண்ணு."

"வலிக்காதுன்னுதானுங்க டாக்டர் சொன்னாரு."

அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல், வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.