கை நனைக்காத பெருநாள்

வறுத்த அரிசிமாவின் வாசனைக்கு இவ்வளவு கொடுமை உண்டென்பதை எனது ஒன்பதாவது வயதில், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனிதர்கள் நிறைந்திருந்த ஒரு வீட்டின் பின்வாசலில் உட்கார்ந்துதான் அறிந்துகொண்டேன். அவர்கள் நோன்பு பிடித்திருந்தார்கள். நான் பிடிவாதம் பிடித்திருந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. இராமநாதபுரத்துச் சீமையில் மூன்று வருடம் மழை பொய்த்ததால் என் அய்யா முன்னதாகவே கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு அவர் ஆளனுப்பிக் கூப்பிட, ஆத்தாவும் நானும் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துப் போகும் ஒரு கங்காணியின் கூட்டத்தோடு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி ரயில் ஏறினோம். கப்பலிலேயே ஆத்தாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. ரயிலில் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதைப் பார்த்த அதிகாரி ஒருவர், மன்னார் ஸ்டேஷனில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். கங்காணி, புருஷனிடம் சொல்லி அனுப்புவதாக ஒரு வார்த்தை சொன்னதோடு மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு அதே ரயிலில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

எங்களோடு அதே கப்பலில் வந்து, அதே ஸ்டேஷனில் இறங்கியவர் காசிம். அக்கரைக்கும் இக்கரைக்குமாகக் கருவாடும் பனையோலைப் பாயும் வியாபாரம் செய்கிறவர். ஆத்தாவைத் தூக்கிப் போகக் கைகொடுத்த அவர், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "அழாத மகள். உம்மா சுகமாகிற மட்டும் எங்கட வீட்டில இருக்கலாம். எனக்கும் உன்ர வயசையொட்டி ஒரு பொம்பிளப் பிள்ளை இருக்கு" என்றார். ஆத்தாவுக்கு வேறு வழியில்லை. தலையசைத்தாள். ஆனால் அவர் சற்று விலகியதும், கொதிக்கிற கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள்: "வேத்தாளு வீட்டுல கை நனைச்சிராத. என் மேல ஆணை."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் 'கை நனைப்பது' என்றுதான் சொல்வார்கள். ஆத்தா சாகக் கிடக்கிறாள், ஆணையை மீறினால் செத்தே போய்விடுவாள் என்று நான் நம்பினேன்.

காசிமின் மனைவி ஹாஜரா நெடிய, ஒல்லியான பெண். அந்த நோன்பு மாதத்தின் இருபதாவது நாளில் அவள் கண்கள் குழிந்து போயிருந்தன. குனிந்து நிமிரும்போதெல்லாம் "யா அல்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு வரும். அது பிரார்த்தனையா, இடுப்பு வலியா என்று பிரித்தறிய முடியாது. என்னைத் தன்னை 'மாமி' என்று கூப்பிடச் சொன்னாள். பகலில் அவளே எனக்குச் சோறு போட்டு வைத்தாள். நான் தொடவில்லை. பொழுது விழுந்து, பள்ளியில் பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோதும், நோன்புக் கஞ்சிக் கோப்பையை எனக்கு முன் நகர்த்தியபோதும் நான் அசையாமல் இருந்தேன். என்னைவிட மூன்று வயது மூத்த அவர்களின் மகள் சபியாதான் தாயிடம் சொன்னாள்: "உம்மா, இந்தப் பிள்ளை நோன்பைப் பிடிச்சது பிடிச்சதுதான். திறக்குதே இல்ல."

ஹாஜரா மாமி என்னைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டாள். ஆத்தா இட்ட ஆணையை அழுதுகொண்டே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ என் கண்ணைத் துடைத்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டு, "பெத்தவட சொல்லைக் காப்பாத்துற பிள்ளை. நாங்க அதை முறிக்கக் கூடாது. விடிஞ்சதும் ஒரு புதுச் சட்டி வாங்கி வாங்கோ" என்றாள்.

மறுநாள் புதுச் சட்டியும் அரிசியும் வந்தன. கிணற்றடிப் பூவரச மரத்தின் கீழ் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கித் தந்தாள். சட்டியை அவள் தொடவில்லை, கண்ணாலேயே காட்டினாள். மணற்பாங்கான ஊர், கிணற்றில் தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும், நானே மொண்டுகொண்டேன். "உலை கொதிக்கட்டும், பிறகு அரிசியைப் போடு. ஆக்கள் பேசுற மாதிரிச் சத்தம் வரும், அப்ப விறகை இழு" என்று பத்தடி தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் கருகியது, பெரும்பாலும் அரைவேக்காடு. உப்பும் வெங்காயமும் கடித்துக்கொண்டு தின்றேன். பகலெல்லாம் புகையில் நின்று அலுத்துப்போய், சாயங்காலம் அந்த வீட்டில் மா வறுக்கும் வாசனையை முகர்ந்தபடி முழங்காலில் முகம் புதைத்துக் கிடப்பேன்.

காசிம் ஒருநாள் விடாமல் மன்னாருக்குப் போய் வந்தார். திரும்பி வந்ததும், "உன்ர உம்மா இண்டைக்குக் கண் முழிச்சுப் பார்த்தவ", "இண்டைக்கு எழும்பி இருந்தவ" என்று ஒரே ஒரு வரி சொல்வார். அந்த வரிக்காகவே நான் வேலிப் படலையில் காத்திருப்பேன்.

பிறை கண்ட மாலையில் ஊரே கடற்கரையில் நின்றது. சபியா என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டியும் எனக்கு அது தெரியவில்லை, தெரிந்ததாகச் சொல்லிவைத்தேன். மறுநாள் நோன்புப் பெருநாள். விடியலிலேயே எண்ணெய் வைத்து முழுக்காட்டி, சபியாவுக்குத் தைத்த அதே பூப்போட்ட சீத்தைத் துணியில் மிச்சம் பிடித்து எனக்கும் ஒரு சட்டை தைத்திருந்ததை மாமி எடுத்து நீட்டினாள். துணியைப் பற்றி ஆத்தா ஒன்றும் சொல்லவில்லையே என்று யோசித்துப் போட்டுக்கொண்டேன். ஆண்கள் அத்தர் மணக்கப் பள்ளிக்குப் போனார்கள். அங்கிருந்து 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் முழக்கம் அலையலையாக வந்தது. பிறகு வீடு நிறைய உறவுக்காரர்கள். ஆறு பேருக்கு ஒன்றாக நடுவில் பெரிய தட்டை வைத்து, சுற்றி அமர்ந்து ஒரே தட்டிலிருந்து உண்பார்கள்; அதைச் 'சஹன்' என்பார்கள். சிரிப்பும் பேச்சும் கறி வாசனையும் கிணற்றடி வரை வந்தன. சபியா இரண்டு முறை, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத் துண்டோடு ஓடி வந்தாள். இரண்டு முறையும் தலையை ஆட்டினேன். மூன்றாம் முறை அவள் வரவில்லை.

சட்டியை இறக்கிவைத்து நான் உட்கார்ந்த நேரம், ஹாஜரா மாமி தானாக வந்தாள். முந்தின நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகராதவள். புதுச் சேலையின் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. என் எதிரே மணலில் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் போடுவியா, மகள்?"

நான் சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பெருநாளும் அதுவுமாப் பிள்ளை தனிய இருந்து தின்னக்கூடாது. நீ எங்கட வீட்டில தின்னாட்டிப் பரவாயில்ல. இது உன்ர வீடு. நான் உன்ர வீட்டில தின்னுறன்."

பூவரச இலையில் சோற்றை வைத்து உப்புக்கல்லோடு நீட்டினேன். முப்பது நாள் பசித்திருந்தவள், உள்ளே அத்தனை பண்டங்கள் இருக்க, என் அரைவேக்காட்டுச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். "உலைத் தண்ணி காணாது" என்று ஒரு குறையும் சொன்னாள். பிறகு மரத்தில் சாய்ந்தவள், கை கழுவாமலே அப்படியே தூங்கிப் போனாள். உள்ளேயிருந்து யாரோ "ஹாஜரா, ஹாஜரா" என்று கூப்பிட்டார்கள். நான் குரல் கொடுக்கவில்லை; அவள் தூங்கட்டும் என்றிருந்தேன்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அய்யா வந்து சேர்ந்தார். கங்காணி சொன்ன செய்தி தாமதமாய்க் கிடைத்து, லீவு கேட்டு மன்றாடி, மன்னாரிலிருந்து நடந்தே வந்திருந்தார். முழங்கால் வரை புழுதி. ஹாஜரா மாமி அவர் உட்காரக் கதிரையைப் போட்டு, தயங்கியபடியே, "நாங்க சமைச்சது நீங்கள் தின்னுவீங்களோ தெரியாது" என்றாள். அய்யா, "குடுங்கம்மா. ரெண்டு நாளாச்சு" என்று கையை நீட்டினார். இடியப்பத்தையும் இறைச்சிக் கறியையும் அவர் வழித்துத் தின்றதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு முதலில் பயம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அய்யா மெல்லச் சொன்னார்: "ஆத்தாகிட்டச் சொல்லிராத தாயி. தோட்டத்து லயத்துல இதெல்லாம் பாத்தா உசுரோட இருக்க முடியாது."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பாய் உட்கார்ந்திருந்த ஆத்தா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கை நனைச்சியா?" என்பதுதான். "இல்ல ஆத்தா. நானே பொங்கித் தின்னேன்" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு கூலிகளின் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில் வருஷக்கணக்காய், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னாள். அப்போதெல்லாம் அய்யா எழுந்து வெளியே போய்விடுவார்.

அய்யா இறந்து காரியமெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஆத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். கொழுந்துக் கூடையின் கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"அவுக திங்காம இருந்திருந்தாத்தான் அதிசயம். நானே தின்னேனே. அந்த மனுசன் தெனமும் ஒரு சட்டியில கஞ்சி கொண்டாந்து குடுத்தாரு. அந்தம்மா காச்சுனதுன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரி ரொட்டி எனக்கு எறங்கல. அந்தக் கஞ்சிதான் என்னைய எழுப்பிவிட்டுச்சு."

"அப்ப என்னைய மட்டும் ஏன் ஆத்தா…"

"நான்தான் சொன்ன சொல்ல மீறிட்டேன். நீயாவது காப்பாத்துனியேன்னு இருந்துச்சு" என்றாள். கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டு, "நீயும் தின்னுருக்கலாம்" என்றாள்.

இலங்கைப் பிரஜாவுரிமை இல்லையென்று எங்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியபோது, அதே தலைமன்னார் ரயிலில், பிள்ளைகுட்டிகளோடும் தகரப் பெட்டிகளோடும் வந்தேன். மன்னாரைத் தாண்டிப் பனங்கூடல்கள் ஓடின. எருக்கலம்பிட்டிக்கு இறங்கிப் போகலாமா என்று கேட்டதற்கு, கூட வந்த அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கப்பலும் நின்றுபோனது, சில வருடங்களில் ரயிலும் நின்றுபோனது. அதே வருடம், அங்கே நடந்த போரில், ஆயுதம் ஏந்திய இயக்கத்தால் அந்தத் தீவின் முஸ்லிம்கள் அத்தனை பேரும் ஓரிரு நாள் தவணையில், கையில் கொண்டது தவிர வேறொன்றும் எடுக்கவிடாமல், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். படங்களில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முகங்கள் தெளிவாக இல்லை. சபியா உயிரோடு இருந்திருந்தால் அவளும் என்னைப் போலக் கிழவியாகத்தான் இருந்திருப்பாள். கரையேறிய ஊரில் அவளை எந்த வீட்டில் உட்காரவைத்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்க ஒரு விலாசமும் என்னிடம் இல்லை.