ஆட்டுத்தோலின் எடை

“கோட்டக் கழட்டு. பூட்ஸையும். என்ன பாக்குற, சால்வையும்தான்.”

எடை பார்க்க வரும் கர்ப்பிணிகளுக்குத் தாதி வார்வரா தரும் வரவேற்பு இது. சொரோக்கா வட்டாரத்துக் கிராம மருந்தகம் அது; பனிக்காலத்தில் அரைகுறையாகத்தான் சூடாகும். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி நிற்பார்கள்.

“வெறைக்குதுக்கா. ரெண்டு கிலோ கூடக் காட்டுனா உங்க வீட்டுச் சொத்தா குறையுது?” என்று ஒருத்தி இடக்காகக் கேட்பாள்.

“ஆட்டுத்தோலுக்கா நான் பிரசவம் பாக்கப் போறேன்? நில்லு. இருமல் இருக்கா? ராத்திரில வேர்க்குதா?”

போன குளிர்காலம் வரை வார்வராவும் இரக்கப்பட்டு மேலங்கியோடுதான் நிறுத்தினாள். அக்லயாவையும் அப்படித்தான். ஐந்தாம் மாதம் மெல்லிய சட்டை, ஏழாம் மாதம் செத்துப்போன மாமியாரின் ஆட்டுத்தோல் மேலங்கி. அட்டையில் எடை ஏறிக்கொண்டே போனது. உள்ளே அந்தப் பெண் உருகிக்கொண்டிருந்தாள். இருமினால் அடுப்புப் புகை என்றும் அசந்து உட்கார்ந்தால் தலைப்பிள்ளை அப்படித்தான் என்றும் சொல்லி, பூத்தேநீர் குடிக்கச் சொல்லி அனுப்பினாள் வார்வரா. பிரசவமான பத்தாம் நாள் அக்லயா ரத்தமாக இருமினாள். காசநோய், அதுவும் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை.

அவளை நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். புருஷன் இத்தாலியில் கட்டட வேலையில் இருந்தான். நல்லவேளையாகக் குழந்தை இலின்காவுக்கு நோய் தொற்றவில்லை. “நான் வச்சுக்கிறேன்” என்று வார்வரா தூக்கி வந்துவிட்டாள். ஊரே அவளைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி அவளைச் சுட்டது.

“ஒரே ஒரு தடவ கோட்டக் கழட்டச் சொல்லியிருந்தா, இது பெத்தவ கையில வளந்திருக்கும்” என்பாள், கேட்காதவர்களிடமும்.

எட்டு மாதம் கழித்து, சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு, போன வாரம் அக்லயா வந்தாள். மாத்திரை இன்னும் பல மாதம் பாக்கி. வார்வராவின் வீட்டு வாசலில் நின்று கை நீட்டினாள். இலின்கா வீறிட்டு அழுது வார்வராவின் கழுத்தில் முகம் புதைத்தாள்.

“என்னைய மறந்துட்டாக்கா.”

“மறக்கறதுக்கு உன்னைய எங்க பாத்தா? தப்பு என்னுது. உள்ள வந்து உக்காரு.”

தன் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்த பிஞ்சு விரல்களை வார்வரா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். குழந்தையை அக்லயாவின் மடியில் வைத்தாள். பிறகு, தெரிந்த முகம் அதன் கண்ணில் படக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அழுகை ஓயும்வரை அப்படியே நின்றாள்.