பல்லால் உரிக்க முடியாத கேபிள்

கேபிள் டிவி நடத்துபவளை அந்தத் தெருக்களில் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் இறந்ததும் தொழிலைக் கையில் எடுத்தவள், கறுப்பு வயரைப் பல்லால் கடித்து உரித்தே வீட்டுக்கு வீடு படம் தெரிய வைத்தாள்.

அந்த வயரில் இன்டர்நெட் நொண்டுகிறது என்று எல்லோரும் முணுமுணுக்கவே, ஃபைபருக்கு மாறத் துணிந்தாள். முதல் நாளே பழக்கதோஷத்தில் அதையும் கடித்துவைத்தாள். உள்ளிருந்த கண்ணாடி இழை ஒடிந்து நாக்கில் குத்தியது. ஊரே சிரித்தது. அவளோ வீம்புக்கு, ஒடிந்த இழைகளை ஒட்டும் மெஷினை வாங்கி, துண்டு துண்டாக இழைகளை வீணாக்கிப் பழகினாள்.

பெரிய கேபிள் கம்பெனியில் சேர்ந்திருந்த கொழுந்தன் ஒருநாள் வந்து நின்றான்.

“நாக்குல குத்திடுச்சாமே அண்ணி? இதெல்லாம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. பேசாம லைனை எங்க கம்பெனிக்கு விட்டுக்குடுத்துடுங்க.”

அவள் மெஷினை மடியில் வைத்து, கத்திரியால் இழையைப் பதமாக உரித்து, இரு முனைகளையும் ஒட்டினாள். எதிர்வீட்டு டிவியில் படம் பளிச்சென்று வந்தது.

“எத்தனை நாளைக்கு எங்களோட மல்லுக்கட்டுவீங்க அண்ணி?”

“கேபிளைக் கடிக்கறதைத்தான் விட்டிருக்கேன் தம்பி,” என்றாள். “பல்லு அப்படியேதான் இருக்கு.”