மகளுக்குப் போன புடவைகள்

வெளிநாட்டில் ஓசியில் தங்க இடம் கிடைக்கும் என்று கணக்கு வாத்தியார் சொன்னபோது நான் நம்பவில்லை. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் வாயையே பிளந்து பார்க்கிற ரகம். ஆனால் வாத்தியாரோடு வேலை பார்க்கிற ஒருவர் போன வருடம் அங்கே தங்கி வந்திருந்தார். அந்தத் தைரியத்தில் வாத்தியார், மருந்துக்கடைக்காரர், நான் என்று ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர், முதல் வெளிநாட்டுப் பயணமாகப் போய் இறங்கினோம்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் லாண்டரி வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். வயது அறுபது இருக்கும். வலது முன்கை முழுக்க இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள். நாங்கள் கை கால் கழுவி வருவதற்குள் பைகளைக் காலி செய்து, கசங்கிய சட்டைகளையெல்லாம் கீழே கொண்டுபோய்விட்டார். மூன்று நாளும் அவரே சமைத்தார், அவரே பரிமாறினார். தினமும் காலையில் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டுபோய், சாயங்காலம் மொடமொடவென்று திருப்பிக் கொண்டுவந்து விரித்தார். அதில் படுக்கவே மருந்துக்கடைக்காரர் கூச்சப்பட்டார். என் வீட்டில் எனக்கு இந்த மரியாதை ஒருநாளும் நடந்ததில்லை.

எங்களுக்குக் கொடுத்தது அவர் மகளுடைய அறை. இரண்டாம் நாள் கடையில் ஒரு பள்ளிச் சீருடையைத் தேய்த்தபடியே அந்தக் கதையைச் சொன்னார். மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இவர் கடை வாசலில் நின்று, இனி இந்தப் படி ஏறாதே என்று கத்திவிட்டார். அதோடு ஆறு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. புருஷன் பேச்சை மீறாத மனைவி, மனசுக்குள்ளேயே வைத்து மறுகி, இரண்டு வருடத்துக்கு முன் கண்ணை மூடிவிட்டாள். மகள் இருப்பது ரயிலில் நாலு மணி நேரம் போனால் வருகிற ஊர். அங்கே படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். வீட்டில் தங்குகிறவர்கள் எல்லோரும் அடுத்து அந்த ஊருக்குத்தான் போவார்கள். அவர்கள் கையில் மனைவியின் புடவை ஒன்றை இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவாராம்.

"அம்மா புடவை பொண்ணுக்குத்தானே தம்பி," என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. எங்களுக்கும் ஒரு பொட்டலம் தயாராக இருந்தது. ரயில் நிலையம்வரை அவரே சுமந்துகொண்டு வந்தார். வண்டி கிளம்புகிற நேரத்தில்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கேட்டா, எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லிடுங்க. அம்மா போனது அவளுக்குத் தெரியாது."

இதை முன்பே சொல்லியிருந்தால் பொட்டலத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது அப்போது பார்த்தா ஞாபகத்துக்கு வந்து தொலைக்க வேண்டும்? வண்டி நகர்ந்துவிட்டது. வழி நெடுக வாத்தியாரும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் அவர். பெற்றவன் சொல்லாததைச் சொல்ல நாம் யார் என்றேன் நான்.

மகளுக்கு முப்பது வயதிருக்கும். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கணவன் வேலைக்குப் போயிருந்தான். முன்பின் தெரியாத மூன்று பேரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். உபசரிப்பில் அப்பாவைக் கொண்டிருந்தாள். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

வாத்தியார் கூரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் சுடச்சுட டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். நான்தான் சொன்னேன், நல்லா இருக்காங்கம்மா என்று. இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒன்பது பொட்டலங்கள் இருந்தன. ஒன்றுதான் பிரித்திருந்தது. மற்றவற்றின் நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

"அம்மா அவங்க புடவையைக் கடைக்குக் கொடுக்கவே மாட்டாங்க. ஊர்த் துணியோட என் துணியைப் போடாதீங்கன்னு அப்பாகிட்ட சண்டை பிடிப்பாங்க. தானே துவைச்சு, தானே மடிப்பாங்க. முதல் புடவை இஸ்திரி போட்டு, கடை மடிப்புல வந்துச்சு. அம்மா இருந்தா அதுக்கு விட்டிருப்பாங்களா? அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு." எங்கள் பொட்டலத்தையும் மற்றவற்றோடு வைத்தாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்கறேன். எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதான் சொல்றீங்க."

மருந்துக்கடைக்காரர் அழுதுவிட்டார். அவள் அழவில்லை. அப்பாவிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"அவர் நேர்ல வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் எங்க அம்மா நல்லாத்தான் இருக்காங்க."

மறுநாள் காலை விடுதியிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் வந்து நின்றால் போதும் என்று காத்திருக்கிறாள், இன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்று அதட்டவே செய்தேன். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியிலிருந்து நீராவி சீறுகிற சத்தம் கேட்டது.

"கடைசி மூணு நாளும், பொண்ணைக் கூப்பிடுங்க, பொண்ணைக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினா தம்பி. நாளைக்குக் கூப்பிடறேன், நாளைக்குக் கூப்பிடறேன்னு சொல்லிட்டே இருந்தேன்." டக்கென்று பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அம்மா எப்போ போனாங்கன்னு கேட்டா சொல்லிடுவேன். என்னைத் தேடினாங்களான்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

ரயிலில் நாலு மணி நேரம்தானே அண்ணே என்றேன், மடையன் மாதிரி.

"ஆமா தம்பி," என்றார். "நாலு மணி நேரம்தான்."