கடிக்காத பாம்பும் டாக்டர் இன்பமணியும்

"நான் எழுதினது கல்லுல வெட்டினது. அதுல ஒரு வரியை நானே நினைச்சாலும் அடிக்க மாட்டேன்!"

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில், மருந்துக்கடை வாசலில் நாலு பேர் கேட்க இப்படி முழங்கியவர் டாக்டர் இன்பமணி. அது 1946ஆம் வருஷம். அவர் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. ஆலந்தலைக் கடலில் வலையில் சிக்கும் பாம்பு கடித்தாலும் விஷம் ஏறாது என்பது அதன் முடிவு.

அதைக் கல்கத்தா டாக்டர் ஒருவர் மேற்கோள் காட்டினார். கல்கத்தாவைப் பார்த்து ரங்கூன் காட்டியது. இருவரையும் பார்த்து, காயல்பட்டினத்தில் பிறந்து கொழும்பில் பேரெடுத்த டாக்டர் மூஸா நெய்னா தம் தடித்த புத்தகத்திலேயே ஏற்றிவிட்டார். இப்படியாகக் கடலுக்கு இருகரையிலும் அந்தப் பாம்பு சாதுவாயிற்று.

ஆராய்ச்சி நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்பமணிக்குப் பாம்பு என்றால் குலைநடுக்கம். ஆலந்தலை மீனவன் வளன் பாம்பைப் பிடித்துவந்து கோழிக்காலில் கடிக்க விடுவான். டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்று கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"கடிச்சிருச்சாலே?"

"கடிச்சிருச்சு ஐயா."

"கோழி?"

"கொத்திக்கிட்டு நிக்குது ஐயா."

அத்தனை கோழியும் பிழைத்தது. பிறகு டாக்டர் வீட்டுக் குழம்பில்தான் உயிரை விட்டது.

இந்த நிலையில்தான் மூஸா நெய்னாவே கொழும்புக் கப்பலில் வந்து இறங்கினார். பாம்பைத் தம் கையாலேயே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. பாம்பு இருக்கும் அறையில், இந்தத் தடவை நாற்காலியில் ஏறாமல், தரையில் நிற்க வேண்டுமே!

ஆஸ்பத்திரிப் பின்னறையில் மேசைமேல் மண்பானை. வாயில் பலகை மூடி, அதைச் சுற்றிக் கயிறு. விருந்தாளி சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் மெல்ல நழுவி வாசற்படியில் நின்ற வளனிடம் வந்தார்.

"நல்ல உருப்படிதானலே?"

"விருந்தாளி வாராரு, ஒரு குறையும் இருக்கப்படாதுன்னு சொன்னீயளே ஐயா. அதான் இந்த மட்டம் பல்லைக்கூடப் பிடுங்கல."

"எந்தப் பல்லு?"

"பாம்புப் பல்லுதான். எப்பவும் குறட்டால நொறுக்கிட்டுத்தான கொண்டாருவேன்? ஐயா பயந்த ஆளு. நாற்காலியில இருந்து விழுந்து தொலைச்சீயன்னா எங்களுக்கு ஊசி போட யாரு இருக்கா?"

டாக்டர் பானைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பல்லு இருந்தா... என்ன ஆவும்லே?"

"எங்க பெரியப்பா மவனைக் கடிச்சிச்சு. பொழுது சாயுமுன்ன கோயில்ல துக்கமணி அடிச்சாச்சு. ஏன்யா, நீங்க இங்கிலீசுல அதைத்தான எழுதியிருக்கிய?"

இன்பமணி வாயைத் திறந்தால் கல்கத்தா சிரிக்கும், ரங்கூன் சிரிக்கும், மருந்துக்கடை வாசல் விழுந்து விழுந்து சிரிக்கும். திறக்காவிட்டால் உள்ளே ஒரு மனிதர் செத்துப்போவார். அறைக்குள் ஓடினார். மூஸா நெய்னா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி குடிச்சிட்டுப் பாப்பமே டாக்டர்," என்றார் இன்பமணி.

"அப்புறம் குடிக்கலாம்."

"பாம்புக்கு இன்னைக்கு உடம்பு சுகமில்லை."

விருந்தாளி சிரித்தார். "உங்க கட்டுரையை வரி வரியா மனப்பாடம் பண்ணினவன் நான். எனக்கா பயங்காட்டுறீங்க?"

கயிறு விழுந்தது. அவர் விரல்கள் மூடியின் விளிம்பைப் பிடித்தன. அப்போது இன்பமணி, கடல் பாம்பிலிருந்து எப்போதும் ஒரு நாற்காலி உயரம் தள்ளியே நின்ற அதே இன்பமணி, பாய்ந்து இரண்டு கையாலும் மூடியை அழுத்தினார். உள்ளே ஏதோ புரண்டது. அந்த அதிர்வு பலகை வழியே அவர் உள்ளங்கைக்கு வந்தது. நெற்றி வேர்வை மூக்கில் இறங்கியது.

"கடிக்கும் டாக்டர்," என்றார் மெதுவாக. "கடிச்சா ஆள் செத்துருவான். எனக்கு வந்த பாம்புக்கெல்லாம் பல்லே கிடையாது. நான் பாக்கல. நான் எழுதினது தப்பு."

மூஸா நெய்னா தம் கையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். இன்பமணிக்குப் பரிசாகக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த தம் புத்தகத்தைப் பார்த்தார்.

"அப்ப இது?"

டாக்டர் ஒரு கையால் புத்தகத்தைப் புரட்டி, தம் பெயர் இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்தார். விருந்தாளியின் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கினார். தம் வரியின் மேல் கோடு போட்டார். கை நடுங்கியதில் கோடு கீழே இறங்கிக் கல்கத்தாவையும் ரங்கூனையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

மற்றக் கையை அவர் மூடியிலிருந்து எடுக்கவே இல்லை.