ஆரோக்கியமணிக்குப் பிடித்த கூடை

புனேயின் கோர்படிப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்து, டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆரோக்கியமணி. கேக் தட்டை நீட்டினால் இருப்பதிலேயே சின்னத் துண்டைத்தான் எடுப்பார். முந்திரி விழுந்த துண்டெல்லாம் மற்றவர்களுக்கு. கேட்டால் "சலேகா" என்பார். பரவாயில்லை என்பதைப் புனேயில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். விட்டுக்கொடுப்பதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. விட்டுக்கொடுத்ததை யாராவது உடனே வாங்கிக்கொண்டால் மட்டும் முகம் லேசாகச் சுருங்கும்.

மாடியில் குடியிருக்கும் அகல்யா கோயம்புத்தூர்க்காரி. எந்தெந்தச் சாமான் சேர்ந்து வந்தால் யாருக்குப் பிடிக்கும் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. போனில் இரண்டு கூடைகளின் படம் வரும். பிடித்ததை அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க மெஷின் ஆளைப் புரிந்துகொள்ளும். மிகவும் பிடித்ததென்று அது நினைக்கும் கூடை கிறிஸ்துமஸுக்கு இலவசமாக வீட்டுக்கே வரும்.

அகல்யா கேட்டுக்கொண்டதால் ஆரோக்கியமணி ஒரு மாதம் அமுக்கினார். பிளம் கேக்கும் முந்திரியும் இருந்த கூடையைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, ரஸ்க்கும் ஓமமும் இருந்ததை அமுக்குவார். ஒரு மெஷின் முன்னால் ஆசைப்பட்டவளாகத் தெரிவது அழகா? ஆனால் வழக்கமாகக் கேக் வாங்கி வரும் மகன் கிரேக் இந்த வருடம் வரவில்லை. இந்தக் கூடையைத்தான் நம்பியிருந்தார். இவ்வளவு படித்த மெஷின், வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுமா என்ன?

கூடை வந்தது. ரஸ்க், ஓமம், உப்பில்லாத பிஸ்கட்.

"நல்லாருக்கும்மா. சலேகா," என்றார். கண் கலங்கிவிட்டது.

அகல்யா பதறிப்போனாள். "ஆன்ட்டி, பிடிக்கும்னுதானுங்க இதை அமுக்குனீங்க?"

"ரெண்டாவது தடவ வற்புறுத்தும்னு நெனச்சேன்மா. நம்ம வீடுகள்ல அப்படித்தானே?"

"அதுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

ஆரோக்கியமணி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பிளம் கேக். முழுசா. எனக்கே எனக்கு."

அகல்யா போனை நீட்டினாள். அவர் கேக் கூடையை அமுக்கினார். அடுத்த திரையிலும் மெஷின் ரஸ்க்கைத்தான் முதலில் காட்டியது.

"இப்பத்தானே சொன்னேன்!"

"மாசம் முழுக்க ரஸ்க்குனு சொல்லிட்டு ஒருக்கா மாத்திச் சொன்னா, கை தவறிடுச்சுன்னு நெனச்சுக்குமுங்க. அது நம்புற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லோணும்."

"ஒருதடவ சொல்றதுக்கே எனக்கு இத்தன வயசாச்சேம்மா," என்றார் ஆரோக்கியமணி. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கேக்கை அமுக்கினார்.