வூடு புரட்டாசி

ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே சிஃபுண்டோ தலையைக் குனிந்துகொள்வாள். இறங்கும் வரை நிமிர்த்த மாட்டாள். "அண்ணா, ஸ்பீட் பிரேக்கர் வருது, பாத்து! மண்ட பூடும்" என்று பின்சீட்டிலிருந்து குரல் கொடுப்பாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். மலாவியிலிருந்து பார்மசி படிக்க வந்த, கதவு நிலை நெற்றியில் இடிக்கும் உயரமுள்ள பெண் இப்படிப் பேசினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

இந்தத் தமிழ் வகுப்பில் படித்ததில்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் மீன் விற்கும் முனியம்மாவிடம் பேரம் பேசிப் பேசி வந்தது. ஆய்வகத்தில் பேராசிரியரிடமும் அதே பாஷைதான்: "சார், இந்த மிஷினு ஒரே பேஜாரா கீது சார்." வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்; எதற்கென்று பிறகு விசாரித்துக்கொள்வாள்.

முதல் வருஷம் விடுதியில் போயிற்று. அங்கே தினமும் சாம்பார். சமைக்கவும் விட மாட்டார்கள். வெளியே அறை தேடினாள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள் வாடகைக்கு வீடு தேடிப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். போனில் "வாம்மா" என்ற குரல்கள், நேரில் பார்த்ததும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்றன.

கடைசியில் மாடி அறையைத் தந்தவர்கள் சம்பத்தும் கோகிலவாணியும். சம்பத்தின் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது அவர்கள் வீடும் எலெக்ட்ரிகல் கடையும் நிற்கின்றன. கோகிலவாணி குள்ளம். சிஃபுண்டோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் கேட்ட ஒரே கேள்வி: "லாஃப்டு எட்டுமா உனக்கு?" எட்டியது. அன்றே அவள் விமானத்தில் கொண்டுவந்த பெட்டி கீழ்வீட்டுப் பரணுக்குப் போனது. மாடி அறையில் அதற்கு இடமில்லை. பேரும் 'சிப்பு' ஆயிற்று. மொட்டை மாடிக் கொடியில் அவள் லேப் கோட் காய்ந்தால், கை நீளத்தைப் பார்த்தே யாருடையது என்று தெரு சொல்லிவிடும்.

ஆடியில் தெருக்கோடி அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கோகிலவாணி ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும், அம்மனுக்குப் படைத்த கருவாட்டுக் குழம்பும் மாடிக்குக் கொண்டுவந்தாள். சிஃபுண்டோ விரலால் வழித்துத் தின்றாள். கண் கலங்கிவிட்டது. "அக்கா, எங்க வூட்லயும் இதே தான். மாவு வேற, அவ்ளோதான். எங்குளுது ஏரி மீனு, அதையும் இப்டிதான் காய வெப்பாங்க." அன்றைக்குத்தான் இந்த ஊர் அவளுக்கு ஊராயிற்று.

ஆவணி கடைசி நாள் கோகிலவாணி மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவி, "இத்த மேல வெச்சிடு" என்றாள். சிப்பு பரணில் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கீழே வாசலில் பெரிய கோலம். பெருமாள் படத்துக்கு மாலை, பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த மாவிளக்கு. மாடியிலிருந்து பார்த்த சிஃபுண்டோவுக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. போன தடவை அவர்கள் சாமிக்கு வைத்து நமக்குக் கொடுத்தார்கள். இந்தத் தடவை நம் பங்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். டப்பாவில் நெத்திலிக் கருவாடு இருந்தது. முனியம்மா சொல்லித் தந்தபடி கத்தரிக்காய் போட்டு, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தாள். விளக்கேற்றும் நேரத்தில் கிண்ணத்தோடு இறங்கிப் படத்துக்கு முன்னால் வைத்து, "சாமிக்கு, அக்கா" என்றாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்த கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பத் கத்திவிட்டார். "அறிவு கீதா உனக்கு? பெருமாளுக்குக் கவுச்சியா? ஐப்பசி பொறந்ததும் வேற வூடு பாத்துக்கோ!"

"அம்மனுக்கு நீங்கதானே அண்ணா வெச்சீங்க?"

அம்மனுக்கு ஆகும், பெருமாளுக்கு ஆகாது. அதிலும் புரட்டாசியில் அந்த மீன் சட்டிக்கே வீட்டில் வேலை கிடையாது. இதை எந்தப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள்? வீட்டைக் கழுவிவிட்டு, கோகிலவாணி மறுபடி தலைக்குக் குளித்து, விளக்கு ஏற்றும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் சிஃபுண்டோ பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மாடிக்குத் தூக்கிப் போனாள். மீன் சட்டி மட்டும் பரணிலேயே இருந்தது. இனி மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

ஆனால் அன்று முதல் அவள் மீனையும் தொடவில்லை, கறியையும் தொடவில்லை. கேன்டீனில் கூடப் படிக்கும் ஜெஃப்ரி தன் பிரியாணித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நீ கிறிஸ்டியன்தானே? உனக்கென்ன புரட்டாசி?"

"நான் கிறிஸ்டியன் மச்சான். வூடு புரட்டாசி."

"அந்த வீட்டைத்தான் காலி பண்ணச் சொல்லிட்டாங்களே?"

"இன்னும் அங்கதானே தூங்கறேன்?"

ஐப்பசி முதல் ஞாயிறு மீன் கடைகளில் கால் வைக்க இடமில்லை. ஊரே ஒரு மாதப் பசியோடு வந்திருந்தது. சம்பத்துக்கு வஞ்சிரம் வெட்டிக்கொண்டே முனியம்மா கேட்டாள்: "உன் மாடி வூட்டுப் பொண்ணு இன்னா நைனா, ரெண்டு வாரமா எதுவும் வாங்க மாட்டேங்குது? நல்ல நெத்திலி எடுத்து வெச்சிக்கினு கூப்டேன். 'வூடு புரட்டாசி ஆயா'ன்னு சொல்ட்டு பூட்ச்சு."

சம்பத் வீட்டுக்கு வந்து, பையைக் கொடுத்து, முனியம்மா சொன்னதை அப்படியே சொன்னார். கோகிலவாணி மீனைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள்.

"ஸ்டூல் போடு, நான் எறக்கறேன்" என்றார் சம்பத்.

"நீ ஒண்ணும் ஏற வாணாம்" என்றவள், படிக்கட்டடியில் நின்று குரல் கொடுத்தாள். "சிப்பு! வந்து சட்டிய எறக்கு!"

நிலையில் குனிந்து வந்தாள் சிஃபுண்டோ. சட்டியை இறக்கித் துப்பட்டாவால் தூசி துடைத்துக் கொடுத்தாள். "மத்தியானம் வெளிய எங்கியும் துன்னு வெக்காத" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பெட்டி ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. சம்பத் திடுக்கிட்டு எழுந்தார். "எங்க கெளம்பிட்ட?"

அவள் நேரே பரணடிக்குப் போனாள். காலிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, சட்டி இருந்த இடத்தில் வைத்தாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சம்பத் அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள தள்ளு. யார் தலையிலயாவது வுழுந்துடப் போவுது."

சிஃபுண்டோ இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, பெட்டி பின்சுவரில் முட்டும் வரை தள்ளினாள்.